நெல்முளை பீர் பிறந்த கதை

பெரும்பாணாற்றுப்படைக்குள் ஒரு பீர் செய்முறை இருக்கிறது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பாட்டு அது. தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வந்த ஏழைப் பாணனுக்குக் காஞ்சிக்குப் போகும் வழியைச் சொல்கிறான். வழி என்றால் வெறும் வழி இல்லை. எயினர் வீட்டில் என்ன கிடைக்கும், ஆயர் வீட்டில் என்ன கிடைக்கும், உழவர் என்ன போடுவார்கள் என்று பசித்தவனுக்குத் தேவையான விவரமெல்லாம் அதில் உண்டு. குளத்தில் மீன் பிடிக்கும் வலைஞர் குடிக்கு வரும்போது, அங்கே இன்னது கிடைக்கும் என்று சொல்வதோடு அவன் நிற்கவில்லை. அந்த மதுவை எப்படி ஆக்குகிறார்கள் என்று அடுப்படியில் உட்கார்ந்து பார்த்தவன்போல ஒவ்வொரு படியாகச் சொல்கிறான்.

தீட்டி வெளுக்காத அரிசியை எடுத்துக்கொள்கிறார்கள். அதைக் களியாகத் துழாவிக் காய்ச்சுகிறார்கள். வாய் அகன்ற பிழா என்னும் பாத்திரத்தில் கொட்டி நன்றாக ஆறவிடுகிறார்கள். அதன் பிறகுதான் ‘அடை’ சேர்கிறது. நெல்லை முளைகட்டி இடித்தது அது என்பது நச்சினார்க்கினியர் உரை காட்டும் பொருள். பார்வைக்குப் பாம்பு குடியிருக்கும் புற்றின் உள்ளே இருக்கும் பொரபொரப்பான கூட்டைப்போல இருக்கிறதாம். அதை ஆறிய களியோடு பிசைந்து, வாய் உறுதியான சாடியில் இட்டு, இரண்டு பகலும் இரண்டு இரவும் விட்டுவைக்கிறார்கள். பச்சை வாடை போய் முதிர்ந்த பிறகு வெந்நீர் சேர்த்து, விரலால் அலைத்துப் பிழிந்து வடிக்கிறார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன்.

பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் இறக்கும் கள் வேறு. சாராயம் வேறு. இது தானியத்தை முளைகட்டி, அந்த முளையைக் கொண்டு வெந்த மாவை இனிப்பாக்கி, அந்த இனிப்பைப் புளிக்கவைத்த பானம். அப்படிப்பட்ட பானத்துக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் பீர். கசப்பு தரும் ஹாப்ஸ் பூ இல்லை, பார்லி இல்லை. ஆனால் மால்ட் என்னும் முளைத்தானியம் இருக்கிறது, நெல் மால்ட்.

பத்துப்பாட்டை உ.வே.சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு 1889-ல் அச்சில் கொண்டுவந்தார். அவர் தேடிச் சேர்த்த ஏடுகள் இன்று பெசன்ட் நகரில், அவர் பெயரால் 1943-ல் ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியில் தொடங்கிய நூல்நிலையத்தில் இருக்கின்றன. அங்கிருந்து எலியட்ஸ் கடற்கரை நடக்கும் தூரம். மாலையில் அந்தக் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து, பெங்களூருக்குப் போனால் கேழ்வரகு பீர் குடிக்கலாம் என்று புதுமையாகப் பேசிக்கொள்ளும் இளைஞர்களுக்கு, இந்த விஷயத்தில் இந்தியாவிலேயே பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று பக்கத்துத் தெருவில் இருக்கிறது என்று யாராவது சொல்லவேண்டும். அதுவும் தொண்டைநாட்டுப் பாட்டு. சென்னை உட்கார்ந்திருக்கும் அதே நாடு.

இந்தச் செய்முறையில் என்னை நிறுத்திவைத்தது அந்தப் பிழா. களியை ஏன் ஆறவைக்க வேண்டும்? சுடச்சுட முளைமாவைக் கலந்தால் என்ன? இன்று பார்லி அல்லாத தானியத்தில் பீர் வடிக்க முயலும் ஒவ்வொருவரும் மோதி நிற்கும் சுவர் இதுதான். வலைஞர் வீட்டில் அதற்கு வழி தெரிந்திருந்தது.

மதுவை உண்டாக்குவது ஈஸ்ட். ஈஸ்ட் சர்க்கரையைத்தான் தின்னும், மாவுச்சத்தைத் தின்னாது. பதநீரிலும் திராட்சையிலும் சர்க்கரை தயாராகவே இருப்பதால், அவை தாமாகவே புளித்துப் பொங்கும். தானியத்தில் இருப்பது மாவுச்சத்து. அது நீளமான சங்கிலி. அதைத் துண்டு துண்டாக வெட்டிச் சர்க்கரையாக்கினால்தான் ஈஸ்டுக்கு வேலை. மனிதன் இதற்கு மூன்று வழி கண்டான். தென் அமெரிக்காவில் மக்காச்சோளத்தை வாயில் மென்று, எச்சிலைக் கொண்டு வெட்டினார்கள். சீனத்திலும் ஜப்பானிலும் ஒருவகைப் பூசணத்தை வளர்த்து அதைக்கொண்டு வெட்டினார்கள். நேபாளத்திலும் சிக்கிமிலும் கேழ்வரகைப் புளிக்கவைத்து, மூங்கில் குவளையில் இட்டு, வெந்நீர் ஊற்றி உறிஞ்சும் தோங்பாவும் இந்த இரண்டாவது வழியில் வந்ததே. மூன்றாவது வழி முளை. மேற்காசியா, எகிப்து, ஆப்பிரிக்கா, ஐரோப்பா எல்லாம் இந்த வழியில் போயின. நம் வலைஞரும் இந்த வழிதான்.

முளைக்கும் விதை தன் குருத்துக்கு உணவு கொடுக்கவேண்டும். சேமித்துவைத்த மாவைக் கரைக்க அது தானே அமிலேஸ் என்னும் நொதிகளை உண்டாக்குகிறது. முளை சிறிது நீண்டதும் அதைக் காயவைத்து நிறுத்திவிட்டால், நொதிகள் உறங்கியபடி மாவோடு இருக்கும். இதுதான் மால்ட். தண்ணீரும் இளஞ்சூடும் பட்டால் அவை மறுபடி எழுந்து வெட்டத் தொடங்கும்.

இதில் பார்லிக்கு வாய்த்தது பெரிய அதிர்ஷ்டம். மாவுச்சத்து தண்ணீரில் வெந்து குழைந்தால்தான் நொதி அதற்குள் நுழைய முடியும். பார்லியின் மாவுச்சத்து சுமார் 60 முதல் 65 டிகிரி செல்சியஸிலேயே குழைந்துவிடும். நொதிகள் நன்றாக வேலை செய்யும் சூடும் ஏறக்குறைய அதுவே. ஒரே பாத்திரம், ஒரே சூடு, வேலை முடிந்தது. போதாததற்குப் போரடித்தாலும் பார்லியின் உமி போகாது. சாற்றை வடிக்கும்போது அந்த உமியே அடியில் படுக்கையாகப் படிந்து வடிகட்டியாகிவிடும். நொதியும் தாராளம்.

மற்ற தானியங்களுக்கு இந்த வசதி இல்லை. அரிசியும் சோளமும் குழைய இன்னும் கூடுதல் சூடு வேண்டும். பல வகைகள் 70 டிகிரியைத் தாண்டித்தான் முழுதாகக் குழையும். ஆனால் 65-ஐத் தாண்டினாலே பீட்டா அமிலேஸ் என்னும் நொதி செத்துவிடும். இன்னும் கொஞ்சம் ஏறினால் ஆல்ஃபா அமிலேஸும் போய்விடும். மாவைத் திறக்கத் தேவையான சூடு, வெட்டுகிறவனைக் கொன்றுவிடுகிறது. இதுதான் அந்தச் சுவர்.

இதற்குப் பெரிய ஆலைகள் கண்ட தீர்வு, தானியத்தைத் தனிக் கொப்பரையில் முதலில் கொதிக்கவைத்துக் குழைத்துக்கொள்வது, பிறகு சூடு இறக்கி மால்ட்டோடு சேர்ப்பது. அமெரிக்காவின் பட்வைசர் அரிசி சேர்ப்பது இப்படித்தான். இனி பெரும்பாணாற்றுப்படையை மறுபடி பாருங்கள். களியாகக் காய்ச்சு. அகன்ற வாயில் பரப்பி ஆறவை. பிறகு முளைமாவைச் சேர். ஒரு படிகூட இடம் மாறவில்லை. பிழாவின் வாய் அகலமாக இருப்பதும் அழகுக்காக இல்லை. களி அடர்த்தியானது, குடத்தில் வைத்தால் நடுவில் மணிக்கணக்காகக் கொதித்துக்கொண்டே கிடக்கும். களி நன்றாகவே ஆறிவிடுவதால் நொதியின் வேகம் குறையும் என்பது உண்மைதான். அதற்குத்தான் இரண்டு பகலும் இரண்டு இரவும். மாவு இனிப்பாவதும் இனிப்பு மதுவாவதும் ஒரே சாடிக்குள் சேர்ந்து நடக்கின்றன. தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் காலத்தைக் கொண்டு சூட்டை ஈடுகட்டியிருக்கிறார்கள்.

அரிசிக்கு நெல்முளையைத் தேர்ந்ததிலும் ஒரு நுட்பம் உண்டு. தீட்டி வெளுத்த அரிசி முளைக்காது. உமியோடு இருக்கும் நெல் நன்றாக முளைக்கும். உமியோடு இடித்த அடை களியில் சேரும்போது, பார்லிக்கு இயற்கை கொடுத்த வடிகட்டி இங்கேயும் கொஞ்சம் வந்துவிடுகிறது. இடித்த முளைநெல் அப்படிப் பொரபொரப்பாக இருந்ததற்கு உமியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பிறகு இங்கே வந்த பீர் வேறு வழியாக வந்தது. எட்வர்ட் டயர் 1855 வாக்கில் கசௌலியில் மலைக்குளிரில் ஆலை வைத்தார். நீலகிரியிலும் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காக ஆலைகள் எழுந்தன. தாமஸ் லீஷ்மன் 1915-ல் தென்னாட்டு ஆலைகள் ஐந்தைச் சேர்த்து யுனைட்டெட் புரூவரீஸை உண்டாக்கினார். இவை எல்லாம் பார்லி ஆலைகள். பார்லி ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் ஹரியானாவிலும் குளிர்காலத்தில் விளையும் பயிர். காவிரிக் கரையிலோ பாலாற்றங்கரையிலோ விளையாது. ஆகவே சென்னையில் குடிக்கப்பட்ட பீர் எதுவும் மண்ணால் சென்னைக்கு உறவில்லாதது.

இதை மாற்றப் பார்த்த ஒரு கை பெங்களூரில் எழுந்தது. பி.என்.சாஸ்திரி, பிற்காலத்தில் ‘வெல்த் ஆஃப் இந்தியா’ கலைக்களஞ்சியத்தின் ஆசிரியராக இருந்தவர், 1939-ல் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். மால்ட் தொழிலுக்குக் கேழ்வரகு ஒரு புதிய மூலப்பொருளாகும் என்பது அதன் சாரம். வருடத்தைக் கவனியுங்கள். அப்போது சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் ஆட்சி. 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கி, மற்ற மாவட்டங்களுக்கும் பரவிக்கொண்டிருந்தது. சேலமும் கேழ்வரகுச் சீமைதான். மாகாணம் முழுவதும் 1948-ல் மதுவிலக்கு வந்துவிட்டது. கேழ்வரகு மால்ட் பற்றிய ஆராய்ச்சி நம் பக்கத்தில் மதுவைப் பற்றிய பேச்சாக வளரவே முடியாது என்று ஆகிவிட்டது.

ஆராய்ச்சி நிற்கவில்லை. மைசூரில் 1950-ல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. அங்கே எம்.ஆர்.சந்திரசேகராவும் எம்.சுவாமிநாதனும் 1953-ல் கேழ்வரகு மால்ட்டின் நொதிகளைப் பற்றி எழுதினார்கள். பிறகு என்.ஜி.மல்லேஷியும் எச்.எஸ்.ஆர்.தேசிகாச்சாரும் வந்தார்கள். அவர்கள் 1979-ல் புதிய கேழ்வரகு ரகங்களின் முளைத்தரத்தை ஆராய்ந்தார்கள். 1986-ல் வெப்பநாட்டுத் தானியங்கள் பலவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுதிய கட்டுரை, பிரிட்டனின் மதுவடிப்போர் சங்கத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. பெரும்பாலும் பார்லியையே பார்த்துப் பழகியவர்கள் படிக்கும் இதழில், சிறுதானியங்களுக்குள் கேழ்வரகே நல்ல மால்ட் தரும் தானியம் என்று மைசூரிலிருந்து ஒரு குரல். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

கேழ்வரகுக்கு அந்தப் பெருமை தகும். அதன் முளையில் நொதி நல்ல அளவில் இருக்கிறது. இளஞ்சூட்டில் காய்ந்ததும் வரும் வாசம் தனி. சோளத்தோடு ஒப்பிட்டால் இன்னொரு நன்மையும் தெரியும்: சோளக்குருத்தில் சயனைடு தரும் ஒரு பொருள் உண்டு, முளையையும் வேரையும் தேய்த்து நீக்கியே ஆகவேண்டும். கேழ்வரகில் அந்தப் பயம் இல்லை. குறை என்று சொன்னால் உமி இல்லாததுதான். கேழ்வரகை மட்டும் போட்டுச் சாறு வடிக்கப் பார்த்தால் அடியில் களிமண்போல அடைத்துக்கொள்ளும். அதற்குக் கைப்பிடி நெல் உமி சேர்த்துவிடுகிறார்கள்.

நாம் நம்முடையது என்று எண்ணும் கேழ்வரகு உண்மையில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. எத்தியோப்பிய, உகாண்டா மேட்டுநிலங்கள் அதன் பிறந்த வீடு. அங்கே அது கூழுக்கும் பீருக்கும் சேர்த்தே வளர்க்கப்பட்ட பயிர். உகாண்டாவின் டெசோ மக்கள் நடுவில் ஒரு பானையை வைத்துச் சுற்றி உட்கார்ந்து, நீண்ட குழல்களால் கேழ்வரகு பீரை உறிஞ்சுவார்கள். ஜிம்பாப்வேயிலும் ஊர்ப் பீருக்குக் கேழ்வரகு முளை மதிப்பானது. கடல் கடந்து வந்தபோது தானியம் வந்தது, கூழ் வந்தது. முளையில் வடிக்கும் பீர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. மண்டியாவில் சி.எச்.லட்சுமணையா என்னும் பயிர் விஞ்ஞானி இந்தியக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் ஒட்டவைத்து உருவாக்கிய ரகங்களுக்கு ‘இண்டாஃப்’ என்று பெயரிட்டார். கர்நாடகத்தின் கேழ்வரகு விளைச்சலை உயர்த்தியவை அவை. பிரிந்துபோன இரண்டு கிளைகள் அப்படிச் சேர்ந்தன.

ஆலை அளவில் பார்லியை விட முடியும் என்று உலகத்துக்குக் காட்டியதும் ஆப்பிரிக்காதான். நைஜீரியா அரசு அன்னியச் செலாவணியை மிச்சப்படுத்த 1988-ல் பார்லி மால்ட் இறக்குமதியைத் தடைசெய்தது. மூடுவதா, சோளத்தில் இறங்குவதா என்று ஆலைகள் திகைத்தன. சோளத்தில் இறங்கின. சோளத்துக்கு நொதி போதாத இடத்தில் கடையில் வாங்கிய நொதியைச் சேர்த்தார்கள். கின்னஸ் போன்ற பெயர்கூடச் சோளத்தோடு பழகவேண்டியதாயிற்று. கட்டாயத்தால் பிறந்த அந்த அனுபவம், சோளம் ஏழைகளின் மாற்றுப்பொருள் என்ற எண்ணத்தைத் தொழில் உலகில் உடைத்தது.

சென்னைக்குத் திரும்புவோம். இங்கே மால்ட் மதுக்குடத்திலிருந்து டம்ளருக்கு மாறியது. எங்கள் தலைமுறைக்கு மால்ட்டின் ருசி தெரிந்ததே ஹார்லிக்ஸில்தான். சிகாகோவில் 1873-ல் ஹார்லிக் சகோதரர்கள் தொடங்கிய வியாபாரம் அது. முளைத்த பார்லியும் கோதுமையும் பாலும் சேர்த்து வற்றவைத்த பொடி. ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் என்பது தி.நகர் வீடுகளில் எழுதாத சட்டம். அந்தப் பொடியைக் கரண்டியால் அள்ளித் தின்ற பிள்ளைகள், தாம் தின்பது பீர் ஆலைக்குப் போயிருக்கவேண்டிய தானியம் என்று அறியமாட்டார்கள்.

அதே வீடுகளில் இன்னொரு மால்ட்டும் இருந்தது. கேழ்வரகை ஊறவைத்து, தண்ணீர் வடித்து, ஈரத்துணியில் மூட்டை கட்டி, இரண்டு நாள் முளைக்கவிட்டு, காயவைத்து, கையால் தேய்த்து முளையை உதிர்த்து, வாசம் வர லேசாக வறுத்து, மிஷினில் கொடுத்து அரைத்து, வெள்ளைத்துணியில் சலித்த மாவு. பல் முளைக்காத குழந்தைக்கு முதல் உணவு. மயிலாப்பூர் மாடவீதிக் கடைகளில் இன்று பொட்டலமாகவே கிடைக்கிறது. பெட்டியின் மேல் ராகி மால்ட் என்றே போட்டிருப்பார்கள்.

பாட்டிமார்கள் குழந்தைக்கு அதைக் கொடுக்கச் சொன்னதில் எவ்வளவு அறிவு இருக்கிறது என்பதைக் காட்டியது மைசூர் ஆராய்ச்சி. சாதாரண மாவில் கஞ்சி காய்ச்சினால் சீக்கிரமே கெட்டியாகிவிடும். குழந்தை விழுங்கமாட்டாது. தண்ணீர் ஊற்றி நீர்க்கவைத்தால் விழுங்கும், ஆனால் அந்தச் சின்ன வயிறு தண்ணீரால் நிரம்பிவிடும், சத்து போகாது. முளைகட்டிய மாவில் நொதி மாவுச்சங்கிலியை வெட்டுவதால், தண்ணீர் சேர்க்காமலே கஞ்சி இளகும். மல்லேஷியும் தேசிகாச்சாரும் 1982-ல் முளைகட்டிய கேழ்வரகையும் பச்சைப்பயறையும் சேர்த்து இப்படியொரு குழந்தையுணவை வகுத்தார்கள். பரோடாவில் தாரா கோபால்தாஸ் இன்னும் ஓரடி போனார்: உணவு முழுவதும் முளைகட்டியதாக இருக்கவேண்டியதில்லை, சாதாரணக் கஞ்சியில் சிறிதளவு முளைமாவு சேர்த்தாலே போதும். தான்சானியாவில் மோஷாவும் ஸ்வான்பெர்க்கும் 1983-ல் இதையே எழுதினார்கள். அந்த ஊர்ப் பெண்கள் பீருக்காக வீட்டில் முளைகட்டி வைத்திருந்த மாவுதான் குழந்தைகளின் கஞ்சிக்குப் போனது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் தரப்படும் இணை உணவு மாவிலும் முளைகட்டிய கேழ்வரகு ஒரு சிறு பங்கு சேர்கிறது. வலைஞர் களியில் ஒரு கை அடை சேர்த்ததும் அங்கன்வாடி மாவில் ஒரு பங்கு முளைமாவு சேர்வதும் ஒரே வேதியியல்.

இதை எந்த அடுப்படியிலும் பார்க்கலாம், சட்டம் குறுக்கே வராது. அரிசிமாவைக் கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாகக் காய்ச்சி, இரண்டு கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஒன்றில் கொதிக்கும்போதே ஒரு ஸ்பூன் முளைகட்டிய கேழ்வரகு மாவைக் கலந்துவிடுங்கள். இன்னொன்றை விரல் சற்றே பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டுக் கலந்துகொள்ளுங்கள். முதல் கிண்ணம் கெட்டியாகவே கிடக்கும். இரண்டாவது கொஞ்ச நேரத்தில் இளகி, கரண்டியிலிருந்து கஞ்சியாக வழியும். இன்னும் வைத்திருந்தால் நாக்கில் மெல்லிய இனிப்பு தட்டும், சர்க்கரை போடாமலே. குழந்தைக்குக் கொடுப்பதென்றால் இளகிய பிறகு மறுபடி ஒரு கொதி விட்டுக்கொள்ளவேண்டும். மாவை வறுத்தபோது கருகும்வரை வறுத்திருந்தால் இரண்டாவது கிண்ணமும் இளகாது. கடைப் பொட்டலங்கள் சில இப்படித்தான் தோற்றுப்போகும். வாசத்துக்காக நன்றாக வறுத்து நொதியைக் கொன்றிருப்பார்கள்.

ஆடி மாதம் முண்டகக்கண்ணி அம்மன் கோயில் பக்கம் ஊற்றும் கூழ் இதில் சேராது. அது முதல்நாளே கரைத்துப் புளிக்கவைத்த கேழ்வரகு மாவு. முளை இல்லை, நுண்ணுயிர் தரும் புளிப்புதான். ஆனால் புளித்த தானியத்தின் ருசி சென்னை நாக்குக்கு அந்நியமில்லை என்பதற்கு அந்தக் கூழும், நொய்யும், சின்ன வெங்காயமும், மோர்மிளகாயும் சாட்சி. வெயில் காலத்தில் தெருமுனைத் தள்ளுவண்டியில் ஒரு சொம்பு வாங்கிக் குடிப்பவருக்குப் புளித்த பீரின் ருசியை விளக்க அதிகம் பாடுபடவேண்டாம்.

இந்தியாவில் சிறு அளவில் பீர் வடிக்கும் கடைகள் 2009 வாக்கில் புணேயிலிருந்து பரவத் தொடங்கின. பெங்களூர் அதைப் பெரிதாக்கியது. கேழ்வரகும் கம்பும் சேர்ந்த பீர்கள் அங்கே மக்கள் வாயில் புகுந்தன. பெரும்பாலும் பார்லி மால்ட்டோடு ஒரு பங்கு கேழ்வரகு. நிறம் கொஞ்சம் சிவக்கும், மண்வாசம் கொஞ்சம் ஏறும். இது நல்ல தொடக்கம். ஆனால் கேழ்வரகை முளைகட்டாமல் வெறும் மாவாகச் சேர்ப்பதோடு நின்றுவிட்டால், அது அலங்காரம்தான் என்பது என் கருத்து. தானியத்தை முளைகட்டி, அதன் நொதியிடமே வேலையை ஒப்படைக்கும்போதுதான் அது பார்லிக்குச் சமமாக உட்காருகிறது.

அந்த வேலை இப்போது வெளிநாடுகளில் வேகமாக நடக்கிறது. கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்கள் தொகை பெரிது என்பதால், அமெரிக்காவின் கொலராடோவில் கிரவுஸ் என்ற மால்ட் ஆலை சிறுதானியங்களையே முளைகட்டி விற்கிறது. மேற்காப்பிரிக்கச் சிறுதானியமான ஃபோனியோவைப் புரூக்ளின் புரூவரியின் காரெட் ஆலிவர் பீருக்குள் கொண்டுவந்தார். இத்தாலியின் பெருஜியா பல்கலைக்கழகத்தில் பார்லி சிறிதும் இல்லாமல் நெல் மால்ட்டை மட்டும் வைத்துப் பீர் வடித்துப் பார்த்தார்கள். அர்கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் லஃபான்டெய்னின் குழு நெல் ரகங்கள் பலவற்றை முளைகட்டி, எது தன் நொதியாலேயே தன் மாவைச் சர்க்கரையாக்கும் என்று சோதித்து 2024-ல் எழுதியது. கறுப்பு, ஊதா அரிசிகளும் அந்தச் சோதனையில் இருந்தன. இதைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது பிழாவில் ஆறும் அந்தக் களிதான்.

சென்னையில் நிலைமை வேறு. 1937-ன் மதுவிலக்குச் சட்டம் இன்றும் இங்கே உயிரோடு இருக்கிறது. 1971-ல் மதுவிலக்குத் தளர்ந்தது, 1983-ல் டாஸ்மாக் பிறந்தது, 2003-ல் சில்லறைக் கடைகளையும் அது எடுத்துக்கொண்டது. ஆனால் வீட்டில் அரிசிப் பீர் வடித்தால் குற்றம் குற்றம்தான். அந்தச் சட்டத்தின் பின்னால் குடியால் அழிந்த குடும்பங்களின் கண்ணீர் இருக்கிறது. அதை லேசாகப் பேச நான் தயாராக இல்லை. நான் கேட்பது குடிப்பதற்கான உரிமையை அல்ல. இந்த மண்ணின் நெல்லையும் கேழ்வரகையும் முளைத்தானியமாக அளந்துபார்க்கும் ஆராய்ச்சியை. அதற்கு மதுவே தேவையில்லை.

அளக்கவேண்டியது தெளிவானது. எந்த நெல் ரகம் எத்தனை நாளில் ஒரேபோல முளைக்கிறது? முளைமாவில் ஆல்ஃபா அமிலேஸ் எவ்வளவு, பீட்டா அமிலேஸ் எவ்வளவு? அதன் அரிசி எத்தனை டிகிரியில் குழைகிறது? வெந்த களியில் அந்த முளைமாவைச் சேர்த்தால், மாவுச்சத்து தீர்ந்து, அயோடின் சொட்டு விட்டாலும் நீலம் காட்டாத நிலைக்கு எவ்வளவு நேரத்தில் வருகிறது? நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டியில் 2006-லிருந்து நெல் திருவிழா நடத்தி நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டு, 2018-ல் மறைந்தார். மாப்பிள்ளைச் சம்பாவும் கவுனியும் காட்டுயானமும் இன்று அடையாறிலும் மயிலாப்பூரிலும் இயற்கை அங்காடிகளில் கிலோக் கணக்கில் கிடைக்கின்றன. தரமணியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலைச் சிறுதானியங்களோடு பல ஆண்டுகளாகப் பழகியிருக்கிறது. திருவண்ணாமலை அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. விதையும் ஆளும் கருவியும் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன.

அந்த அளவுகள் கையில் வந்தால் முதல் பயன் மதுக்கடைக்குப் போகாது. எந்த ரகத்தின் முளைமாவு குழந்தையின் கஞ்சியை வேகமாக இளக்கும் என்று தெரியும். அங்கன்வாடி மாவுக்கு அதையே எடுக்கலாம். பார்லி மால்ட்டுக்குப் பதிலாக நம் நெல்லிலும் கேழ்வரகிலும் செய்த மால்ட் பானம் ஆஸ்பத்திரிக்குப் போகும் பையில் இடம்பிடிக்கும். சட்டம் ஒருநாள் அனுமதித்தால், கவுனி முளையில் வடித்த பீர் எப்படி இருக்கும் என்பதற்கும் அதே அட்டவணைதான் தொடக்கம். நெல்லும் வேண்டாம், கேழ்வரகே போதும் என்பவர்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகளிடம் ரகம் ரகமாக விதை வாங்கிவந்து ஈரத்துணியில் கட்டிப் பார்க்கலாம்.